புற்றுநோய்க்குப் புரோபோலிஸ் என்று யாராவது போன் செய்தால்

சித்திக்கு மார்பகப் புற்றுநோய். கீமோ ஓடிக்கொண்டிருந்த சமயத்தில் புரோபோலிஸ் சொட்டு மருந்து என்று ஒரு பாட்டிலை எங்கள் தலையில் கட்டிவிட்டார் ஒருவர். பணம் போனதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன். கீமோவைத் தள்ளிப்போடச் சொன்னார் அந்த ஆள். அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

தேனீக்கள் மர மொட்டிலும் பட்டையிலும் கசியும் பிசினைச் சுரண்டி வந்து, மெழுகோடு பிசைந்து, கூட்டின் இடுக்குகளை அடைக்கும். அதுதான் புரோபோலிஸ். கூட்டுக்குள் புகுந்த எலியைக் கொட்டிக் கொன்றுவிட்டால் வெளியே இழுத்துப் போட முடியாதே, அதன் மேலும் இந்தப் பிசினைப் பூசி நாறாமல் மூடிவிடும். அவர் பேச்சை ஆரம்பித்ததே இந்த எலிக் கதையில்தான். கதை உண்மை. அவர் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மைதான், அதுதான் ஆபத்தே.

அடுத்து ஆய்வுக் கட்டுரைகளின் படங்களை வரிசையாக அனுப்பினார். அவையும் போலி இல்லை. பாப்ளர் மரப் பிசினிலிருந்து வரும் புரோபோலிஸில் கேஃபிக் அமில ஃபெனெத்தில் எஸ்டர் என்ற பொருள் இருக்கிறது, சுருக்கமாக 'கேப்' என்பார்கள். அது புற்றுச் செல்களைக் கொல்கிறது, சாதாரண செல்களை அவ்வளவாகத் தொடுவதில்லை என்று 1988-லேயே எழுதிவிட்டார்கள். பிரேசிலின் பச்சைப் புரோபோலிஸில் ஆர்ட்டெபிலின் சி என்று இன்னொன்று, அதைப் பற்றியும் நிறைய ஆய்வு உண்டு. எல்லாம் சரி. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களிலும் எலிகளிலும் பார்த்தவை. தட்டில் மருந்தை நேராகச் செல்லின் மேலேயே விடலாம். வாயில் விட்ட சொட்டு குடலையும் கல்லீரலையும் தாண்டி ரத்தத்தில் கலந்து, புற்றுக் கட்டி இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். புரோபோலிஸில் உள்ள கிரைசின் என்ற இன்னொரு பொருளை எடுத்துக்கொண்டால், விழுங்கியதில் ரத்தத்துக்குப் போவது மிகச் சொற்பம். மனிதருக்குக் கொடுத்துக் கட்டி கரைந்தது, ஆயுள் கூடியது என்று காட்டிய பெரிய மருத்துவச் சோதனை எதுவும் இல்லை. கீமோவாலும் கதிர்வீச்சாலும் வரும் வாய்ப்புண்ணுக்குக் கொப்பளிக்கக் கொடுத்துச் சில சின்னச் சோதனைகள் செய்திருக்கிறார்கள், கொஞ்சம் பலன் தெரிந்திருக்கிறது. அதை மட்டும் சொல்லி விற்றிருந்தால் மரியாதையாகக் கேட்டிருப்பேன்.

பாட்டில் வந்தது. முன்பக்கம் பெரிய தேனீ படம். பின்பக்கம், கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில், 'உணவுத் துணைப்பொருள், எந்த நோயையும் குணப்படுத்த அல்ல'. போனில் "நாலாவது ஸ்டேஜையே திருப்பியிருக்கோம்மா" என்றவர், அட்டையில் இப்படி எழுதிக் கழன்றுகொள்கிறார். உள்ளே எவ்வளவு புரோபோலிஸ், எந்த மரத்துப் பிசின் என்று ஒரு தகவலும் இல்லை.

முதல் பாட்டிலைத் தண்ணீரில் சொட்டுவிட்டால் பால் போல வெளுத்தது. டம்ளர் ஓரத்தில் பழுப்பாகப் பிசின் ஒட்டிக்கொண்டு, நார் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. ஆல்கஹாலில் ஊறவைத்து எடுத்த சாறு அப்படித்தான் திரியும். இரண்டாவது பாட்டிலிலும் அதே அட்டை, அதே 'ஆல்கஹால் சாறு'. ஆனால் தண்ணீரில் விட்டதும் டீ நிறத்தில் அப்படியே கலந்துவிட்டது. திரியவும் இல்லை, வாசமும் இல்லை. கேட்டால், "இது அடுத்த தலைமுறை தயாரிப்பு, மேடம்." சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

கீமோவால் வெந்து கிடந்த வாயில் ஆல்கஹால் சொட்டு பட்டதும் சித்தி துடித்துப்போனார். அப்புறம் உதடு தடித்தது, முகவாயெல்லாம் அரிப்பு, கொப்புளம். புரோபோலிஸ் ஒவ்வாமை ஒன்றும் புதிதல்ல, தேனீ வளர்ப்பவர்களுக்கே கையில் வரும். விற்றவரிடம் சொன்னதற்கு, "விஷம் வெளிய வருதும்மா, நல்ல அறிகுறி. சொட்டைக் கூட்டுங்க. அடுத்த கீமோவைத் தள்ளிப் போடுங்க, ரெண்டும் மோதும்" என்றார். மோதுவதைப் பற்றி இவ்வளவு அக்கறை உள்ளவர் வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று முதலிலேயே கேட்டிருக்க வேண்டாமா? சித்தி ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர். புரோபோலிஸ் அதோடு குறுக்கிடலாம் என்று எச்சரிக்கை இருக்கிறது.

பாட்டிலையே தூக்கிக்கொண்டு புற்றுநோய் மருத்துவரிடம் போனோம். அவர் திட்டவில்லை. சொட்டை நிறுத்தச் சொல்லி, தோலுக்குக் களிம்பும், ரத்தம் உறையும் நேரத்துக்கு ஒரு சோதனையும் எழுதினார். கீமோ தேதி மாறவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். சீல் உடைத்ததை எடுப்பதில்லையாம். அப்புறம், முழு கோர்ஸ் முடிக்காததால் பலன் இல்லையாம். சரி, புற்றுநோயைக் குணமாக்கும் என்று நீங்கள் போனில் சொன்னதையே ஒரு வரி எழுதி அனுப்புங்கள், அது போதும் என்றேன். உடனே இணைப்பு துண்டானது, எண்ணும் அணைந்துவிட்டது. இப்போது புகார் எழுதக் கையில் இருப்பது ரசீதும் அந்த அட்டையும்தான். அட்டையோ அவர் பக்கம் பேசுகிறது. உங்களுக்கு இப்படி ஓர் அழைப்பு வந்தால் அந்த ஒரு வரியை முதலிலேயே, பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.