தில்லிக் குளிருக்குத் தடித்த ஜாக்கெட்டா, மெல்லிய அடுக்குகளா?

தில்லியில் ஜனவரி விடியலில் 7 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கும் வெப்பநிலை, பிற்பகலில் 20 டிகிரியைத் தொட்டுவிடுவதால், ஊரிலிருந்து புதிதாக வருவோர் முதலில் வாங்கும் தடித்த ஜாக்கெட், மெட்ரோ நெரிசலில் வியர்க்க வைத்து, பகல் முழுவதும் கைச்சுமையாகிவிடுகிறது. தெர்மல் உள்ளாடை, பருத்திச் சட்டை, கம்பளி ஸ்வெட்டர், சால்வை என்று ஒன்றோடொன்று பொருந்தும் கருநீலத்திலும் சாம்பல் நிறத்திலும் சில உடைகளைத் தேர்ந்து அடுக்கி அணிந்தால், அடுக்குகளுக்கிடையே தங்கும் காற்றே உடல் வெப்பத்தைக் காக்கும், ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயிலில் படியேறும்போது சால்வையைக் கழற்றி மடித்துக்கொள்ளலாம். பட்டுப்புடவைக்கு முழுக்கைக் கம்பளி ரவிக்கையையே நான் பரிந்துரைப்பேன். ஜாக்கெட்டின் ஜிப், முந்தானையின் சரிகை இழையைப் பற்றி இழுத்துவிடும். அதிகாலையில் இருசக்கர வாகனம் ஓட்டுவோருக்கு மட்டும், காற்றைத் தடுக்கும் ஜாக்கெட் அவசியம்.