ஆர்15 முதல் மாடலில் வி2 சக்கரங்கள்: 6 ஆண்டு, 38,000 கிலோமீட்டர்

என்னிடம் இருப்பது 2010-ல் வாங்கிய யமஹா ஆர்15, முதல் மாடல். 2019 ஜூனில் அதற்கு அடுத்த மாடலான வி2-வின் இரண்டு அலாய் சக்கரங்களையும் மாட்டினேன். வீடு கிருஷ்ணகிரியில். வாரத்துக்கு ஒருமுறையாவது தர்மபுரி போய்வர வேண்டும், மாதம் ஒன்றிரண்டு முறை தொப்பூர் தாண்டி சேலம். மற்றபடி ஒகேனக்கல், அஞ்செட்டி, வத்தல்மலை.

முதல் மாடலின் பின்டயர் 100/80-17, அதாவது அகலம் 100 மில்லிமீட்டர். அந்த வண்டியின் வேகத்துக்கு அது ஒல்லி. ஒருநாள் மழை விட்ட நேரத்தில் தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடித்தபோது பின்பக்கம் வழுக்கி, பக்கத்து லாரியை நோக்கிப் போய்த் திரும்பியது. அன்றைக்கே மாற்றுவதென்று முடிவு செய்தேன். 2011-ல் வந்த வி2-வில் பின்டயர் 130/70-17, முன்டயர் 90/80-17. பெங்களூரு சிவாஜி நகரில் பழைய பாகங்கள் விற்கும் கடையில் இரண்டு சக்கரங்களும் கிடைத்தன. வாங்கும்போது ஆக்ஸிலில் தொங்கவிட்டுச் சுழற்றி, ரிம் ஓரத்தில் ஒரு பேனாவை நிலையாக வைத்துப் பார்க்க வேண்டும். இடைவெளி கூடிக் குறைந்தால் ரிம் வளைந்திருக்கிறது. விரிசல் இருந்தால் எவ்வளவு மலிவு என்றாலும் தொடக்கூடாது.

மாட்டிக் கொடுத்த மெக்கானிக் அண்ணன் முதலிலேயே சொன்னார்: "தம்பி, சக்கரம் உள்ள போயிடும். ஆனா நேரா நிக்கணுமே." அதன் அர்த்தம் எனக்கு நாலாயிரம் கிலோமீட்டர் கழித்துத்தான் புரிந்தது.

பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் புதிதாகப் புஷ், அதாவது ஆக்ஸிலில் சக்கரத்தை அதன் இடத்தில் நிறுத்தும் உலோகக் குழாய், கடைய வேண்டியிருந்தது. நான் முதலில் கொடுத்த லேத்தில் அளவு சரியாக வரவில்லை. புஷ்ஷின் முகம் ஆக்ஸிலுக்குச் செங்குத்தாக இல்லை, நீளமும் ஒரு பக்கம் கூடுதல். ஸ்ப்ராக்கெட் இரண்டும் ஒரே கோட்டில் இல்லாமல் செயின் ஒரு ஓரமாகவே இழுத்தது. பின் ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் ஒரு பக்கம் மட்டும் கத்திபோல் தேய்ந்தன. ஒருநாள் காவேரிப்பட்டினம் தாண்டும்போது பின்னால் கொர கொரவென்று சத்தம். இறங்கிச் சக்கரத்தை ஆட்டிப் பார்த்தால் பேரிங் ஆடியது. புஷ் கோணலாக இருந்தால் நட்டை இறுக்கும்போது பேரிங்கின் உள்வளையத்தில் பக்கவாட்டு அழுத்தம் ஏறும்; பேரிங் தாங்காது.

அப்புறம் ஓசூரில் ஒரு லேத்தில், இரண்டு சக்கரத்துக்கும் நூல் பிடித்து, ஸ்ப்ராக்கெட்டுக்கு ஸ்கேல் வைத்து, பிரேக் காலிபரின் நடுவில் டிஸ்க் நிற்கிறதா என்று பார்த்து, புதுப் புஷ் கடைந்து வாங்கினேன். அன்றிலிருந்து 34,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது, பேரிங் ஒருமுறைதான் மாற்றினேன். இந்த வேலைக்கு எவ்வளவு பணம் ஒதுக்கினாலும் அதில் முதல் பங்கு நல்ல லேத்துக்குப் போகட்டும்.

அடுத்தது பிக்கப். 100/80 டயரின் குறுக்களவு கணக்குப்படி சுமார் 592 மில்லிமீட்டர், 130/70-க்கு 614. ஏறக்குறைய 4 சதவீதம் பெரிது. கியர் எல்லாம் அந்த அளவுக்கு நீண்டுவிடும், இழுவை குறையும். பழைய 14/42 ஸ்ப்ராக்கெட்டோடு (முன்னால் 14 பல், பின்னால் 42) ஓட்டிய மாதங்களில் வத்தல்மலை ஏற்றத்தில் மூன்றாம் கியரில் வண்டி திணறி, இரண்டுக்கு இறக்கவேண்டி வந்தது. வி2-வுக்கு யமஹா கொடுத்த 15/47 போட்டதும் சரியாகிவிட்டது. அந்த விகிதம் பழையதைவிட 4 சதவீதத்துக்குச் சற்று அதிகம் குட்டை. பெரிய டயர் பறித்ததை அது திருப்பிக் கொடுக்கிறது. பற்கள் கூடுவதால் பழைய செயின் எட்டாது, புதிது வாங்கி அளவுக்கு வெட்ட வேண்டும். முன்டயரில் இந்தக் கவலை இல்லை. 80/90, 90/80 இரண்டின் உயரமும் ஒன்றே.

பின்பக்கம் 11 மில்லிமீட்டர் உயர்ந்ததால் சைடு ஸ்டாண்டில் வண்டி கொஞ்சம் அதிகமாகச் சாய்ந்தது. டயருக்கும் செயினுக்கும் நடுவே சுண்டுவிரல்தான் நுழைந்தது, அதனால் செயின் தளர்வை வாராவாரம் பார்த்தேன். உள் மட்கார்டு உரசியதால் வெட்டிவிட்டேன். மழைக்காலத்தில் சேறு முழுக்க மோனோஷாக், அதாவது பின் ஷாக் அப்சார்பர் மேல். மைலேஜ் 44-லிருந்து 41 ஆனது.

கிடைத்தது என்ன? தொப்பூர் இறக்கத்தில், நாலுவழிச் சாலையின் எதிர்காற்றில், மாம்பழச் சீசனில் சாலையோரம் சிதறிக் கிடக்கும் தோல்களின் மேல் வண்டி ஆடாமல் நின்றது. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. ஆனால் அஞ்செட்டி வளைவுகளில் பழைய சுறுசுறுப்பு போய்விட்டது. முன்பு இடுப்பை அசைத்தாலே திரும்பிய வண்டிக்கு ஹேண்டிலைத் தள்ள வேண்டியிருந்தது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் பிரிவு 52, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து விலகி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. மாட்டும்போது நான் இதைப் படிக்கவில்லை. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸிலும் கேள்வி வரலாம். 2025-ல் 15 ஆண்டு முடிந்து ஆர்சி புதுப்பிக்க வேண்டியிருந்தது. விற்காமல் வைத்திருந்த அசல் சக்கரங்களை மாட்டிக்கொண்டு போனேன்.

திரும்பி வரும் வழியில் ராயக்கோட்டை சாலையின் முதல் வளைவிலேயே வண்டி 2010-ல் இருந்ததுபோல் லேசாகச் சாய்ந்து நிமிர்ந்தது. அந்த லேசை நான் மறந்தே போயிருந்தேன். இரண்டு மாதமாக அசல் சக்கரங்களே வண்டியில் இருக்கின்றன, புது டயரோடு. தொப்பூரில் மட்டும் முன்பைவிடப் பத்து கிலோமீட்டர் குறைத்து இறங்குகிறேன். வி2 சக்கரங்கள் மாடிப்படிக்குக் கீழே சாக்கு சுற்றி இருக்கின்றன, ஓசூரில் கடைந்த புஷ்களோடு சேர்த்து.