உளிப்பிடிக்கு எதைப் பூசுவது: வார்னிஷா, அரக்கா, ஆளிவிதை எண்ணெயா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். பாம்பன், மண்டபம், தொண்டிப் பக்கம் விசைப்படகுகள் மராமத்துக்குக் கரையேறும்போது பழைய உளி, மரம் செதுக்கும் வாய்ச்சி, சுத்தியலையும் பழுது பார்ப்பது வழக்கம். துரு எடுத்தாயிற்று, பிடியைச் சுரண்டி உப்புத்தாளும் போட்டாயிற்று. அப்புறம் எதைப் பூசுவது?

கேட்டால் பலர் சொல்வது வார்னிஷ். பிடிக்கு மட்டும் அது வேண்டாம் என்பேன். வார்னிஷ் மரத்துக்குள் இறங்கிப் பிடிப்பதில்லை, மேலே ஒரு தோலாக நிற்கிறது. கதவுக்கு அது நல்லதுதான். உளிப்பிடியின் தலையிலோ கொட்டாப்புளி (மரச்சுத்தி) விழுந்துகொண்டே இருக்கும். தோல் அங்கேதான் முதலில் வெடிக்கும். உப்புக்காற்றின் ஈரம் அந்த வெடிப்பில் புகுந்து மிச்சத்தையும் உரித்துவிடும். திரும்பப் பூச வேண்டுமானால் முழுதையும் சுரண்டியாக வேண்டும். வேர்த்த கைக்கு வழுக்கவும் செய்யும். பாலியூரித்தேன் என்னும் பிளாஸ்டிக் வகை வார்னிஷ் இன்னும் உறுதியானது, ஆனால் அதுவும் தோல்தான்.

அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் போடும் பிரெஞ்சு பாலிஷ் சீக்கிரம் காயும், மரத்தின் ரேகையும் அருமையாகத் தெரியும். ஈரம் தங்கினால் வெளுத்துப்போகும். வீட்டு அலமாரியில் வைக்கும் தாத்தா காலத்து இழைப்புளிக்குச் சரி, கடற்கரை வேலைக்கு ஆகாது.

சிலர் வீட்டிலிருக்கும் தேங்காய் எண்ணெயையே தடவிவிடுகிறார்கள். அன்றைக்கு மினுங்கும். ஆனால் அது காயாத எண்ணெய், மேலே நின்றால் பிசுக்கேறி மணலைப் பிடித்துக்கொள்ளும். ஆளிவிதை எண்ணெய் அப்படியில்லை. மரத்துக்குள் ஊறி, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகிவிடும். பச்சை (காய்ச்சாத) எண்ணெய் காய வாரக்கணக்கில்கூட ஆகலாம். அதனால் பெயின்ட் கடையில் ‘டபுள் பாயில்டு லின்சீட்’ என்று கேளுங்கள். உலர்த்தும் உப்புகள் சேர்ந்திருப்பதால் நம் கோடை வெயிலில் ஓரிரு நாளில் காய்ந்துவிடும். மழைக்காலத்தில் தாமதமாகும், தடைக்காலம்தான் இதற்குத் தோது.

மெல்லிசாகத் தேய்த்து, கால் மணி நேரம் ஊறவிட்டு, மேலே நிற்பதை ஒரு சொட்டு விடாமல் துடைத்துவிடுங்கள். இப்படி மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் முந்தையது காய்ந்த பிறகு. பிடியின் இரு முனைகளும் அதிகம் குடிக்கும், அங்கே கூடுதலாகக் கொடுங்கள். விரும்பினால் கடைசியில் கொஞ்சம் தேன்மெழுகு. கைக்கு இதமாக இருக்கும், ஆனால் மெழுகு மட்டும் போதாது.

ஆளிவிதை எண்ணெய்க்கும் குறை உண்டு. தண்ணீரை முழுதாகத் தடுக்காது, ஐப்பசி அடைமழையில் பூஞ்சை படியலாம். ஆனாலும் அடுத்த தடைக்காலத்தில் துடைத்துவிட்டு இன்னொரு கை பூசினால் போதும், சுரண்டும் வேலையே இல்லை. நான் இதைத் தேர்ந்தெடுப்பதே இதற்காகத்தான்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். காயும்போது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே, ஒற்றை மடிப்பாக விரித்துக் காயவையுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரில் முக்கி வையுங்கள். பக்கத்தில் டீசல் கேனும் வலையும் கிடக்கும் இடங்களில் இந்த எச்சரிக்கையை ஒருநாளும் மறக்கக் கூடாது.