செத்தவன் காசு வாங்குகிறீர்களா? முதலில் பெயரைத் தடவிப் பாருங்கள்

போன மாதம் யாழ் நகரில் பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் 'செத்தவன் காசு' ஒன்றுக்கு 45,000 ரூபாய் கொடுத்து ஏமாந்துவிட்டேன். இன்னொருவர் ஏமாறக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

முதலாம் உலகப்போரில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குப் பிரித்தானிய அரசு அனுப்பிய வெண்கல வட்டு அது. 120 மில்லிமீற்றர் அகலம். 800க்கு மேற்பட்ட போட்டி வடிவங்களில் எட்வர்ட் கார்ட்டர் பிரெஸ்டன் செய்தது தெரிவானது. பென்னிக் காசு போல இருந்ததால் அங்கே சனங்கள் 'செத்தவன் காசு' என்றார்கள்.

"யாழ்ப்பாணத்துப் பெடியன்ர பெயர் இருக்கு, பாருங்கோ அண்ணை" என்றார் அவர். தமிழ்ப் பெயர், ஆங்கில எழுத்தில். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

அவசரப்படவில்லை என்றுதான் நினைத்தேன். சூலத்தோடு நிற்கும் பிரித்தானியத் தாய் சரி. பக்கத்தில் சிங்கம் சரி. கடற்படை பலத்துக்கு இரண்டு டொல்பின்கள், அதுவும் சரி. ஆகக் கீழே ஒரு சின்னச் சிங்கம் ஜெர்மனியின் கழுகைக் கடித்துக் குதறும். அதன் இறகுகூடத் துலக்கமாக இருந்தது. அளவும் பிசகவில்லை. சின்னங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தாய் வாகை மாலையை எதன் மேல் நீட்டுகிறாள் என்று பார்க்கவில்லை. பெயரின் மேல்தான் நீட்டுகிறாள். சாவில் எல்லோரும் சமம் என்று பதவியைக்கூடப் போடாமல் வெறும் பெயரை மட்டும் வார்த்தார்கள்.

கன்னாதிட்டியில் தெரிந்த பத்தர் ஒருவர் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இதில அரம் போட்டிருக்கு" என்றார். உண்மையான வட்டில் பெயர் வார்ப்போடு சேர்ந்து மேலெழும்பி நிற்கும், விரலில் தட்டுப்படும். என்னுடையதில் எழுத்துகள் குழிவாக வெட்டப்பட்டிருந்தன. பெயர்க் கட்டத்தின் தரையும் சுற்றுப்புறத்தைவிடப் பள்ளம். சாய்ந்த வெளிச்சத்தில் பழைய எழுத்து ஒன்றின் அடிக்கால் இன்னும் தெரிகிறது. வட்டு அசல். யாரோ ஒரு தாய்க்கு வந்த மகனின் பெயரை ராவி எறிந்துவிட்டு, நம்முடைய ஆட்கள் மனம் இளகுவார்கள் என்று ஒரு தமிழ்ப் பெயரை வெட்டியிருக்கிறார்கள். காசைவிட இதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழுவின் இணையப் பதிவில் தேடினேன், அப்படி ஒரு பெயரே இல்லை. வாங்க முதலே தேடியிருக்க வேண்டும்.

திரும்பப் போனேன். "வித்த சாமான் திருப்பி எடுக்கிறேல்லை" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய மேசையில் இன்னும் இரண்டு வட்டுகள் இருந்தன. இரண்டிலும் தமிழ்ப் பெயர்.