6000 சிஎல்30-ஆ, 8000 சிஎல்38-ஆ? டிடிஆர்5 ரேம் ஓர் அலசல்

வேகமான டிடிஆர்5 ரேம் தேடுபவர் முன் கடைசியில் வந்து நிற்பவை இரண்டு: 6000 சிஎல்30, 8000 சிஎல்38. முதல் எண் வேகம், அதாவது நொடிக்கு எத்தனை மில்லியன் தரவுப் பரிமாற்றம் என்பது. சிஎல் என்பது கேட்ட தரவு வரும்வரை காத்திருக்கும் கடிகாரச் சுற்றுகள். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரைசன் 7000, 9000 வரிசைச் செயலி வைத்திருப்பவர் 6000-ஐ எடுக்கட்டும். இன்டெல் பக்கம் கணக்கு வேறு.

சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால், தாமதம் நானோவினாடியில் கிடைக்கும். 6000 சிஎல்30-க்கு 10, 8000 சிஎல்38-க்கு 9.5. அரை நானோவினாடிதான் இடைவெளி. ரேம் தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் 4800 சிஎல்40-க்கு அது 16.7. ஆகவே அங்கிருந்து இரண்டில் எதற்கு மாறினாலும் ஆதாயம் உண்டு. இரட்டைச் சேனலில் நொடிக்கு 96 ஜிபிக்கு எதிராக 128 ஜிபி என்று பார்த்தால், காகிதத்தில் 8000 வென்றுவிட்டது.

செயலிக்குள் போனதும் கதை மாறுகிறது. ரைசனில் ரேமும் அதன் கட்டுப்படுத்தியும் ஒரே கடிகார வேகத்தில் ஓடுவது பெரும்பாலும் 6000 முதல் 6400 வரைதான். ஒரு கடிகாரச் சுற்றுக்கு இரண்டு முறை தரவு போவதால், 6000-இல் இரண்டுக்கும் 3000 மெகாஹெர்ட்ஸ். 8000-க்குப் போனால் ரேம் 4000-இல் ஓட, கட்டுப்படுத்தி பாதி வேகமான 2000-க்கு இறங்கிவிடும். கூட்டிய வேகத்தில் ஒரு பகுதி இங்கேயே கரைகிறது. அது போதாதென்று, ஒரு கோர்த் தொகுதியை ரேம் கட்டுப்படுத்தியோடு இணைக்கும் உள்பாதையான இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் 2000 மெகாஹெர்ட்ஸில் நொடிக்கு 64 ஜிபி வரையே படிக்க விடுகிறது. ஒரே தொகுதி உள்ள எட்டு கோர்ச் செயலியில் 96 ஜிபியையே முழுதாகப் பயன்படுத்த முடியாதபோது, 128 ஜிபி யாருக்காக? பெரிய எல்3 கேஷ் (செயலிக்குள்ளேயே இருக்கும் வேகச் சேமிப்பு) உள்ள எக்ஸ்3டி செயலிகளில் ரேம் வேகத்தின் தாக்கம் இன்னும் குறைவு.

இன்டெல் செயலிகள் டிடிஆர்5-ஐ எப்படியும் கியர் 2-இல்தான், அதாவது கட்டுப்படுத்தியை ரேமின் பாதி வேகத்தில் வைத்துத்தான், ஓட்டுகின்றன. 6000-இலிருந்து மேலே ஏறும்போது ரைசனில் போலத் திடீர்ச் சரிவு அங்கே இல்லை. ஆனால் நான்கு ஸ்லாட் மதர்போர்டில் 8000-ஐ நிலையாக ஓட்டுவது பெரும்பாடு. அதற்கு இரண்டு ஸ்லாட் போர்டே ஏற்றது. கோர் அல்ட்ரா 200எஸ் வரிசையில், மாட்யூலிலேயே கடிகாரச் சிப் பதித்த சியூடிம் ரேம் இந்தச் சிக்கலைப் பெரிதும் தணிக்கிறது. அங்கே 8000-ஐ நானே பரிந்துரைப்பேன்.

சோதனையில்தான் இரண்டுக்கும் உண்மையான வேறுபாடு தெரியும். ரேமில் பதித்து வரும் வேக அமைப்புகளான எக்ஸ்போ (ஏஎம்டி), எக்ஸ்எம்பி (இன்டெல்) இரண்டுமே ஓவர்கிளாக்கிங்தான், அதாவது தர வேகத்தை மீறி ஓட்டுவதுதான். விண்டோஸ் திறந்துவிட்டதால் எல்லாம் சரி என்று முடிவுகட்டக் கூடாது. மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை நிரல் பென்டிரைவிலிருந்து ஓடுவதால், பிழை இருந்தாலும் வட்டில் உள்ள கோப்புகளைக் கெடுக்காது. முதல் வடிகட்டலுக்கு அதுவே போதும். ஆனால் இறுக்கிய டைமிங்கில் (சிஎல் போன்ற காத்திருப்பு எண்களைக் குறைத்து வைத்தபோது) ஒளிந்திருக்கும் பிழையை அது அடிக்கடி தவறவிடுகிறது. அதற்கு அன்டா777 என்ற பயனரின் அமைப்புக் கோப்புடன் கூடிய டெஸ்ட்மெம்5 என்ற சோதனை நிரல் கூர்மையானது. 8000-இல் பழுது பெரும்பாலும் ரேமில் இருக்காது, கட்டுப்படுத்தியில் இருக்கும். ஆகவே ஒய்-க்ரஞ்சர் என்ற கணக்கீட்டு நிரலின் விடி3 சோதனையையும் கட்டாயம் ஓட்ட வேண்டும். டிடிஆர்5 சிப்புக்குள்ளேயே பிழை திருத்தம் இருக்கிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். அது சிப்புக்குள் நிகழும் ஒற்றை பிட் பிழையைத்தான் திருத்தும், செயலிக்குப் போகும் பாதையில் நேர்வதைத் தொடாது.

வெப்பத்தையும் சேர்த்தே சோதியுங்கள். பயாஸில் டிரெஃபி எண்ணைக் கூட்டினால் ரேம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் இடைவெளி நீளும், வேகமும் கூடும். ஆனால் சூடு ஏற ஏறச் சேமித்த மின்னேற்றம் விரைவாகக் கசியும். கிராபிக்ஸ் கார்டு குளிர்ந்திருக்கும்போது தேறிய ரேம், விளையாட்டின் நடுவே பிழை காட்டுவது இதனால்தான். கார்டுக்கும் சேர்த்துச் சுமை கொடுத்தபடி டெஸ்ட்மெம்5-ஐ ஓட்டிப் பாருங்கள்.

நான்கு மாட்யூல் போடும் எண்ணம் இருந்தால் இந்தப் போட்டியே எழாது: ரைசன் 7000-இல் நான்குக்கு ஏஎம்டி உறுதியளிக்கும் வேகம் 3600 மட்டுமே.

ரைசனுக்கு ஏற்கெனவே 8000 கிட் வாங்கிவிட்டீர்களா? திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. அவற்றில் பெரும்பாலும் இருப்பது ஹைனிக்ஸ் நிறுவனத்தின் ஏ-டை வகைச் சிப். அதை 6000-க்கு இறக்கி, சிஎல்30 வைத்து, துணை டைமிங்குகளை ஒவ்வொன்றாக இறுக்குங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் சோதனையை மறுபடி ஓட்டுங்கள்.