வென்யூவா, கிரெட்டாவா?

1998-ல் சான்ட்ரோ காரை இறக்கிய ஹூண்டாயின், சென்னைக்கு அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்துதான் 2015-ல் கிரெட்டாவும் 2019-ல் வென்யூவும் வந்தன.

வென்யூவின் நீளம் 3,995 மில்லிமீட்டர். 4 மீட்டருக்கு ஐந்தே மில்லிமீட்டர் குறைவு, எல்லாம் வரிக்காகத்தான்! 4 மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசிக்குள் என்றால் ஜிஎஸ்டி 18 சதவீதம். 4,330 மில்லிமீட்டர் கிரெட்டாவுக்கு 2025 செப்டம்பரிலிருந்து 40.

சரி, அந்தக் கூடுதல் பணத்துக்கு என்ன கிடைக்கிறது? இரு சக்கர அச்சுகளுக்கு இடையே சுமார் 10 சென்டிமீட்டர் அதிகம். பின் சீட்டில் அம்மா முழங்கால் இடிக்காமல் உட்காரலாம். டிக்கி 433 லிட்டர். ஊருக்குப் போகும்போது பெட்டிகளை மடியில் வைக்க வேண்டாம்.

சந்துக்குள் வீடு, வீட்டில் மூன்று பேர் என்றால் வென்யூதான். பெரியவர்களும் உடன் வருவார்களா? கடன் கொஞ்சம் கூடினாலும் கிரெட்டாவையே எடுங்கள்.