மா ரெய்னியா, பெஸ்ஸி ஸ்மித்தா: யாரிடம் தொடங்குவது?

அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு வகையான ப்ளூஸைப் பழைய தட்டுகளில் கேட்கலாம் என்று இறங்குகிறவர்கள் 1920களின் பாடகிகளிடம் வந்ததும் கொஞ்சம் திண்டாடுவார்கள். மா ரெய்னிக்கு ‘ப்ளூஸின் தாய்’ என்று பட்டம். பெஸ்ஸி ஸ்மித் ‘ப்ளூஸின் பேரரசி’. இசைத்தட்டில் ப்ளூஸ் பாடிய முதல் கறுப்பினப் பாடகி இவர்கள் இருவருமே அல்ல. 1920 ஆகஸ்டில் ஓகே நிறுவனத்துக்குப் பாடிய மேமி ஸ்மித்துக்குத்தான் அந்தப் பெருமை. அவருடைய தட்டு விற்ற வேகத்தைப் பார்த்துத்தான் மற்ற நிறுவனங்களும் கறுப்பினப் பாடகிகளைத் தேடி ஓடின. ரெய்னியும் பெஸ்ஸியும் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்தது 1923ல்.

அதற்குள் ரெய்னிக்கு மேடையில் இருபது வருட அனுபவம் சேர்ந்துவிட்டது. கெர்ட்ரூட் ப்ரிட்ஜெட் என்ற ஜார்ஜியா பெண் 1904ல் வில் ரெய்னியை மணந்தார். கணவன் ‘பா’, மனைவி ‘மா’ என்று இருவரும் தெற்கு மாநிலங்களில் கூடாரக் கொட்டகை போட்டு நடக்கும் கலைக்குழுக்களோடு ஊர் ஊராகச் சுற்றினார்கள். பெஸ்ஸி, டென்னஸியின் சட்டனூகாவில் அண்ணன் கிடார் வாசிக்கத் தெருவில் பாடிக் காசு வாங்கிய சிறுமி. 1912ல் ஒரு குழுவில் சேர்ந்தபோது கிடைத்தது ஆட்டக்காரி வேலைதான். பாட்டுக்கு அங்கே ஏற்கெனவே ரெய்னி இருந்தார். ரெய்னிதான் பெஸ்ஸியைக் கடத்திக்கொண்டு போய்ப் பாடப் பழக்கினார் என்று ஒரு கதை உண்டு. சுவையான கதை, ஆனால் கட்டுக்கதை.

குரலை ஒப்பிடுவதற்கு முன்னால் கம்பெனிகளை ஒப்பிட வேண்டும். இதைச் செய்யாமல் தீர்ப்புச் சொல்வதால்தான் ரெய்னிக்கு அநியாயம் நடக்கிறது. பெஸ்ஸி பாடியது கொலம்பியாவுக்கு. நல்ல கூடம், நல்ல தட்டு. 1925லேயே மின் ஒலிவாங்கிக்கு மாறிவிட்டார்கள். ரெய்னிக்குக் கிடைத்தது பாராமவுண்ட். அது விஸ்கான்ஸினில் இருந்த ஒரு நாற்காலிக் கம்பெனியின் கிளை. கிராமஃபோனுக்கு மரப்பெட்டி செய்து விற்றவர்கள், பெட்டி விற்க வேண்டுமே என்று தட்டும் போட்டார்கள். மட்டமான கலவை, மங்கலான பதிவு. கொலம்பியா மாறிய பிறகும் அங்கே கொஞ்ச காலம் ஒலிவாங்கி இல்லாமல் பழைய கொம்புக் குழாய்க்குள்தான் பாடிக்கொண்டிருந்தார்கள். இன்று நாம் ரெய்னியைக் கேட்கும்போது பாதி இரைச்சல், மீதிதான் குரல்.

அந்த இரைச்சலைக் கழித்துவிட்டாலும் குரல்வளத்தில் பெஸ்ஸி ஒரு படி மேல் என்பதுதான் என் கட்சி. 1925 ஜனவரியில் பதிவான ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’ ஒன்று போதும். துணைக்கு இரண்டே கருவிகள்: ஃப்ரெட் லாங்ஷாவின் ஆர்மோனியம், ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட் (ட்ரம்பெட் மாதிரி ஓர் ஊதுகருவி). ஆர்மோனியம் சுருதி மாதிரி அடியில் இழுத்துக்கொண்டே இருக்கும். பெஸ்ஸி ஒரு வரியைப் பாடி நிறுத்துவார். அந்த இடைவெளியில் ஆம்ஸ்ட்ராங் பதில் சொல்வார். அவசரமே கிடையாது. சொல்லின் நடுவில் சுரத்தைக் கீழே வளைத்து எடுக்கிற இடத்தைக் கவனியுங்கள். தாளம் தன் பாட்டுக்குப் போகும், அவர் ஒரு அரைக்கணம் தாமதித்து வந்து சேருவார்.

ரெய்னியின் கணக்கு வேறு. கட்டைக்குரல், சுரங்கள் குறைவு, அலங்காரம் இன்னும் குறைவு. 1924ல் அதே ஆம்ஸ்ட்ராங்கோடு பாடிய ‘சீ சீ ரைடர்’ கேட்டால் ஊர்ப் பெரியம்மா ஒருத்தி திண்ணையில் உட்கார்ந்து புலம்புவது போல இருக்கும். வாத்தியக்காரர்களிடம் அவர் வித்தை காட்டச் சொல்வதில்லை.

மேடை என்று வந்தால் என் ஓட்டு கண்ணை மூடிக்கொண்டு ரெய்னிக்கு. திரை விலகும்போது மேடையில் ஆள் உயர கிராமஃபோன் பெட்டி. ஒரு பெண் வந்து பெரிய தட்டு ஒன்றை அதில் வைப்பாள். உள்ளேயிருந்து பாட்டு கிளம்பும், கதவு திறக்கும், ஜரிகை உடுப்போடு ரெய்னி வெளியே வருவார். கழுத்தில் தங்கக் காசு மாலை, சிரித்தால் தங்கப்பல். தட்டு விற்கிறவளே தட்டுப் பெட்டிக்குள்ளிருந்து வருகிறாள்! 1924ல் அவருக்குப் பின்னால் இசைக்குழு நடத்தியவர் தாமஸ் டார்ஸி. பிற்காலத்தில் காஸ்பல் என்ற கறுப்பினக் கிறிஸ்தவ பக்தி இசையின் தந்தை என்று பெயர் வாங்கியவர்.

துணிச்சலில் இருவருக்கும் குறைவில்லை. ஆனாலும் பெண்களோடு சுற்றுவதையும் ஆண் உடை போடுவதையும் 1928ல் ‘ப்ரூவ் இட் ஆன் மீ’ என்று ரெய்னி பாட்டாகவே பாடி, முடிந்தால் நிரூபியுங்கள் என்று சவால் விட்டார். கம்பெனியும் சளைக்கவில்லை, தொப்பியும் கோட்டும் போட்ட பெண்ணைப் போலீஸ்காரர் நோட்டமிடுவது போலப் படம் போட்டு விளம்பரம் செய்தது.

காசு விஷயத்துக்கு வருவோம். பெஸ்ஸியின் முதல் தட்டு ‘டவுன்ஹார்ட்டட் ப்ளூஸ்’ ஆறே மாதத்தில் சுமார் 7,80,000 விற்றது என்பார்கள். அவருக்குக் கிடைத்தது பாட்டுக்கு இவ்வளவு என்று பேசிய தொகை. விற்பனையில் பங்கு கிடையாது. ஆனால் மேடையில் நன்றாகச் சம்பாதித்தார். கறுப்பினத்தவருக்கு அறை தராத ஊர்களில் குழு தங்குவதற்காக 1925ல் சொந்தமாக ரயில் பெட்டியே வாங்கினார். பொருளாதாரம் சரிந்ததும் 1931ல் கொலம்பியா கைவிட்டது. 1933ல் கடைசியாக நான்கு பாட்டுகள், ஒவ்வொன்றுக்கும் 37.50 டாலர். 1937 செப்டம்பரில் மிஸிஸிப்பியில் அவர் சென்ற கார் ஒரு லாரியின் பின்னால் மோதி இறந்துபோனார். வெள்ளையர் மருத்துவமனை சேர்க்க மறுத்ததால் இறந்தார் என்ற செய்தி பல காலம் ஓடியது. விபத்து இடத்தில் உதவிய மருத்துவரே பின்னால் அதை மறுத்தார்; பெஸ்ஸியை நேராகக் கொண்டுபோனது கறுப்பினத்தவர் மருத்துவமனைக்குத்தான். கல்லறைக்குக் கல் வைக்கவே 1970 ஆனது. ராக் பாடகி ஜேனிஸ் ஜாப்ளின் உட்பட இருவர் செலவை ஏற்றார்கள்.

ரெய்னி காரியக்காரி. பாணி பழசாகிவிட்டது என்று 1928ல் பாராமவுண்ட் கழற்றிவிட்டது. 1935ல் மேடையையும் விட்டு ஊர் திரும்பிக் கொட்டகைகள் நடத்தினார். 1939ல் இறந்தபோது சான்றிதழில் தொழில் என்ற இடத்தில் ‘வீட்டு வேலை’ என்று எழுதினார்கள். நூறு பாட்டுக்கு நெருக்கமாகப் பதிவு செய்தவர்!

சரி, தொடங்குவது யாரிடம்? பெஸ்ஸியிடம்தான். ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’, அப்புறம் ஜேம்ஸ் பி. ஜான்ஸன் பியானோவோடு 1927ல் ஆற்று வெள்ளத்தைப் பற்றிப் பாடிய ‘பேக்வாட்டர் ப்ளூஸ்’. இரைச்சலுக்குக் காது பழகிய பிறகு ரெய்னிக்கு வாருங்கள். முதலில் ‘சீ சீ ரைடர்’, அடுத்து ‘ப்ரூவ் இட் ஆன் மீ’. ஹெட்ஃபோன் வேண்டாம், சாதாரண ஸ்பீக்கரில் இரைச்சல் அவ்வளவு உறுத்தாது.